உப்பு வராத இலை

"நாளைக்கு ஊருக்குப் போயிருதேம்மா" என்றான் தீத்தாரப்பன்.

ஆற்றங்கரை மடத்தின் தலைவி மரகதத்தம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான். ஆனாலும் அவர் குரு, இவன் சீடன்.

"குருபூசைய விட்டுட்டா?"

"அதுக்குப் பயந்துதாம்மா போறேன். பந்தியில பரிமாறச் சொல்லிட்டீங்க. நாலு பேர் பார்த்தாலே எனக்குக் கை நடுங்குது. எவ்வளவோ தியானம் பண்ணியும் போகல. எனக்கு மடம் சரிப்படாது."

"உப்பு மட்டும் வச்சுட்டுப் போ."

அந்த மடத்தில் குருவுக்கென்று தனி இடம் கிடையாது. பந்தியில் எங்கேயாவது உட்கார்ந்துகொள்வார். ஆனால் அவர் சோற்றில் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடுவார்கள்.

மறுநாள் குருபூசைப் பந்தியில் தீத்தாரப்பன் தலை நிமிரவில்லை. தன் கையையே பார்த்தபடி இலை இலையாக உப்பு வைத்துவிட்டு, அப்பாடா என்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

சோறு வந்தது. பருப்பும் நெய்யும் வந்தன. யாரும் சாப்பிடவில்லை. ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது.

எட்டிப் பார்த்தான். அம்மையார் கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் உப்பு இல்லை.

வேறு வழியில்லை. அத்தனை பேர் பார்க்க, கிண்ணத்தோடு பந்தி நெடுக நடந்தான். பாதி உப்பு இலையிலும் பாதி அவர் மடியிலும் விழுந்தது.

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமேம்மா?"

அம்மையார் மெல்லச் சொன்னார்:

"கூப்பிட்டா எல்லாரும் என்னையத் திரும்பிப் பார்ப்பாங்களேப்பா."

அப்போதுதான் அவன் அவர் கையைப் பார்த்தான். சோற்றைப் பிசையப் போன விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"உங்களுக்குமாம்மா? இத்தனை வருசமாவா?"

"பந்திக்குப் பந்தி. சரி, கடைசி இலையில ஒருத்தர் மறுசோறு கேக்கக் கூச்சப்படுவாரு. அவரைக் கவனி."

அம்மையார் மறைந்து வெகுகாலம் ஆகிறது. குருபூசைக்கு உப்பு வைப்பது இன்றும் தீத்தாரப்பன்தான். கை இன்றும் நடுங்குகிறது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போவான். ஏதாவது ஓர் இலையின் முன்னால் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கமாட்டாரா என்று அவனுக்கு இருக்கும்.