திரை போட்ட பல்லக்கு

வெண்குன்றூரை ஒரு காலத்தில் தீர்த்தகிரி ராசா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஓரிடத்தில் கால் தரிக்காது, ஒரு எண்ணத்தில் மனசும் தரிக்காது. ஒருநாள் காலையில் கோயில் பாட்டில் ‘அரூபம்’ என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வந்தார். வந்தது வினை.

“அரூபம் என்றால் என்னய்யா?”

அவைப் புலவர் நரசிங்கர் முந்திக்கொண்டார். மந்திரி அம்பலவாணர் மேல் அவருக்குப் பத்து வருஷப் பொறாமை. “உருவமில்லாதது, மகாராஜா. கண்ணுக்குத் தெரியாதது இல்லாததுதானே? இல்லாததற்கு எதற்கு ஒரு சொல்? தடை போட்டுவிடுங்கள்.”

“வேண்டாம் மகாராஜா,” என்றார் மந்திரி. “கண்ணில் படாமல் வேலை செய்கிறவை எத்தனையோ உண்டு. அவற்றைச் சொல்லத்தான் அந்தச் சொல்.”

“அப்படியானால் பொழுது சாய்வதற்குள் ஒன்றைக் காட்டும். காட்டாவிட்டால் நாட்டை விட்டே போய்விடும்.”

மந்திரி வீட்டில் மகளுக்குத் தலைப்பிரசவம், இன்றோ நாளையோ. இந்த நேரத்தில் ஊரை விட்டுப் போவதாவது! உட்கார்ந்தார், எழுந்தார், மேல்துண்டை உதறி உதறிப் போட்டார். உச்சிவேளையில் அரசரிடம் ஓடி, “விறகுவெட்டி வேஷம் போட்டு என்னோடு கடைத்தெருவுக்கு வாருங்கள்,” என்றார். புது விளையாட்டென்றால் அரசர் விடுவாரா?

அந்த ஊரில் ஒரு வழக்கம். திரை போட்ட அரச பல்லக்கு வந்தால், நின்ற இடத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழ வேண்டும். அன்று எக்காளம் ஊதப் பல்லக்கு வந்தது. தெருவே விழுந்தது. வெற்றிலைக் கடையில் நின்ற நரசிங்கரும் பட்டு வேட்டியோடு சேற்றில் விழுந்தார். பக்கத்தில் ஒரு விறகுவெட்டி விறைத்து நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மூடனே, மகாராஜா வருகிறார், விழுடா,” என்று காலைப் பிடித்து இழுத்தார்.

விறகுவெட்டி தலைப்பாகையை அவிழ்த்தான். நரசிங்கருக்கு முகத்தில் ஈயாடவில்லை. மந்திரி போய்ப் பல்லக்கின் திரையை விலக்கினார். உள்ளே யாருமில்லை; வெறும் பல்லக்கைத்தான் மந்திரி தூக்கி வரச் சொல்லியிருந்தார்.

“புலவரே, எது உம்மை விழவைத்தது?” என்று கேட்டார் மந்திரி.

“பயம்... மகாராஜா மேலுள்ள பயம்.”

“அதற்குக் கை உண்டா, கால் உண்டா? ஆனாலும் உம்மைச் சேற்றில் தள்ளியதே. அதற்குத்தானய்யா அரூபம் என்று பேர்.”

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். “புலவரே, ஒரு மாதம் கோயில் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் இந்தச் சொல்லுக்குப் பொருள் சொல்லும். மந்திரி, உம்முடைய பேரப்பிள்ளைக்கு ஒரு கிராமம் எழுதித் தருகிறேன். போய் மகளைப் பாரும்.”

மந்திரி நாலடி நடப்பதற்குள் அரசருக்கு மறுபடி மனசு குறுகுறுத்தது.

“ஏனய்யா, நான் இல்லாமலே ஊர் விழுகிறது. அப்படியானால் நான் ஏறி உட்கார்ந்தால் கூடுதலாக என்னதான் ஆகிறது?”

மந்திரி திரும்பி வந்தார். பிறகு உள்ளதைச் சொன்னார்.

“தூக்குகிறவர்களுக்குப் பாரம், மகாராஜா.”

பல்லக்குத் தூக்கிகள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார்கள். அரசர் கொஞ்ச நேரம் அவர்களுடைய தோள்களையே பார்த்தார். அன்று அரண்மனைக்கு நடந்தே போனார்.