மூக்கையன் நடக்கப் போன கதை

மூக்கையன் என்ற கரடிக்கு நெஞ்சுவலி வந்தது. தேனடைக்காகப் பாறையில் ஏறும்போது, பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுந்தான். அவன் மனைவி பேச்சி போட்ட கூச்சலில் காடே திரண்டுவிட்டது.

மரங்கொத்தி வைத்தியர் பறந்து வந்தார். மரத்தைத் தட்டியே உள்ளே புழு இருக்கும் இடத்தைச் சொல்கிறவர் அவர். மூக்கையனின் நெஞ்சையும் மெல்லத் தட்டிக் காது வைத்துக் கேட்டார். மருந்து கொடுத்தார். மூக்கையன் பிழைத்துக்கொண்டான்.

சில நாள் கழித்து வைத்தியர் மறுபடி வந்து பார்த்தார்.

"இதயம் தேறி வருது. படுத்தது போதும். இனிமே தினமும் கொஞ்சம் நடக்கணும். பேசிக்கிட்டே நடக்க முடியுதா, அந்த வேகம் போதும். மூச்சு வாங்கினா நில்லு. நெஞ்சு வலிச்சா உடனே உட்கார்ந்து என்னைக் கூப்பிடு."

"ஆகட்டும் வைத்தியரே!" என்றான் மூக்கையன். வைத்தியர் பறந்து போனதும் குப்புறப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் பேச்சி எழுப்பினாள். "எழுந்திருங்க! நடக்கப் போகலாம்."

"வெயில் வந்துடுச்சு பேச்சி."

சாயங்காலம் எழுப்பினாள். "பனி இறங்குது பேச்சி."

அடுத்த நாள் மேகம். அதற்கடுத்த நாள் காற்று. பேச்சி கரடியாகக் கத்தினாள். கரடியே கரடியாகக் கத்தினால் எப்படி இருக்கும்! அப்படியும் மூக்கையன் புரண்டுகூடப் படுக்கவில்லை.

போதாக்குறைக்கு ஒரு மரநாய் நலம் விசாரிக்க வந்தது.

"அண்ணே! நெஞ்சுங்கறது முட்டை மாதிரி. ஓர் அடி தப்பா வெச்சாலும் உடைஞ்சிடும்! எங்க பெரியப்பாவும் இப்படித்தான் நடக்கப் போனாரு. போனவரு போனவருதான்!"

மூக்கையனுக்கு வியர்த்துவிட்டது. "கேட்டியா பேச்சி! தம்பி எவ்வளவு அக்கறையாச் சொல்லுது!"

"வைத்தியர் சொன்னது காதில ஏறலை. வழியில போற மரநாய் சொன்னது ஏறிடுச்சா?" என்று பேச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

மரநாய் தினமும் வந்தது. மூக்கையன் தினமும் படுத்தான். புற்றைத் தோண்டிக் கறையான் கொண்டு வருவது பேச்சி. பழம் பறித்து வருவது பேச்சி. தண்ணீருக்கு ஓடைக்குப் போய், வாயில் கொண்டு வந்து அவன் வாயில் விடுவதும் பேச்சிதான். மூக்கையனின் வயிறு பெருத்தது. கால் மெலிந்தது. குகை வாசலுக்கு வருவதற்குள் மூச்சு வாங்கியது.

"பார்த்தியா? வாசல் வரைக்கும்கூட முடியலை. நான் எப்படி நடப்பேன்?" என்றான்.

"நடக்காததாலதான் முடியலை!"

"முடியாததாலதான் நடக்கலை!"

பேச்சி அவன் பக்கத்திலேயே காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"என்ன பேச்சி இது?"

"எனக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கில்ல? அதுவும் முட்டைதான். உடையக் கூடாது பாருங்க!"

உச்சி வெயில் ஏறியது. மூக்கையனின் வயிறு இரைந்தது.

"பேச்சி, பசிக்குது."

"எனக்கும்தான்."

"தாகமா இருக்கு பேச்சி."

"தண்ணி ஓடையில இருக்கு. வாசல்லேர்ந்து கூப்பிட்டா வருதான்னு பாருங்க!"

மூக்கையன் முனகினான். திட்டினான். அழுதும் பார்த்தான். பேச்சி அசையவே இல்லை. கடைசியில் சுவரைப் பிடித்து எழுந்து, உர்ரென்று வெளியே போனான்.

அவன் தலை மறைந்த உடனே பேச்சி எழுந்து பின்தொடர்ந்தாள். அவளுக்கும் பயம்தான். வழியில் ஒருமுறை அவன் நெஞ்சில் கை வைத்து நின்றபோது, அவள் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தாள். ஆனால் அது வலியில்லை, வெறும் மூச்சு வாங்கல். அவன் ஒரு வேங்கை மரத்தில் சாய்ந்து நின்றான். மூச்சு தணிந்தது. மறுபடி நடந்தான். ஓடையில் நிறையத் தண்ணீர் குடித்தான்.

அப்போது இலுப்பைப் பூவின் வாசனை வந்தது. ஓடைக்கரை மேட்டில் நின்ற அந்த இலுப்பை மரம், பூக்காலம்தோறும் மூக்கையன் வயிறு நிறையத் தின்கிற மரம். இந்த வருஷம் அதன் அடியில் மரநாய், தன் சொந்தபந்தங்களோடு பந்தி போட்டு உட்கார்ந்திருந்தது.

"மூக்கையண்ணன் வந்துட மாட்டாரே?" என்று கேட்டது ஒரு குட்டி.

"அவரா? ரெண்டே வார்த்தையில படுக்க வெச்சிருக்கேன்! பூக்காலம் முடியறவரைக்கும் அவரு நோயாளிதான்!" என்றது மரநாய்.

"அடப் பாவி!" என்று மூக்கையன் ஓர் உறுமல் உறுமினான். அடுத்த கணம் மரத்தடியில் ஒரு வால்கூட இல்லை.

இதோடு புத்தி வந்திருக்க வேண்டும். வந்தது. அளவுக்கு மீறி வந்துவிட்டது!

மறுநாள் விடிந்ததும் பாறை மேட்டை நோக்கி மூக்கையன் ஓட ஆரம்பித்தான். "பேச்சி! எனக்கு ஒண்ணுமில்லை! இன்னிக்கே தேனடை வரைக்கும் ஏறிடறேன்!"

"நடங்கன்னு சொன்னா படுக்கறீங்க! மெதுவா நடங்கன்னா ஓடறீங்க! ஐயோ, இந்த ஆளைக் கட்டிக்கிட்டு நான் என்ன செய்வேன்!"

மூக்கையன் பாதியிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். வைத்தியர் வந்தார். நெஞ்சைத் தட்டிக் கேட்டார். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. கோபம் தாங்காமல் அவர் பக்கத்து மரத்தில் தன் தலையை முட்டிக்கொண்டார். மரங்கொத்தி என்பதால் வலிக்கவில்லை.

"உனக்கு நடுவுல ஒண்ணும் தெரியாதா மூக்கையா? முதல்ல ஓடைவரைக்கும் நட. அது சுலபமானதும் இன்னும் கொஞ்ச தூரம் போ. தேனடையை நான் சொல்லும்போது பார்த்துக்கலாம்!"

அதன்பிறகு மூக்கையன் முணுமுணுத்துக்கொண்டேதான் நடந்தான். ஆனால் ஒரு நாளும் விடவில்லை. மழைக்காலம் வருவதற்குள், ஓடை தாண்டி ஆற்றுக்கே பேச்சியோடு பேசிக்கொண்டே போய்வந்தான்.

அவன் விழுந்த நாளிலிருந்து பேச்சி ஓர் இரவும் முழுதாகத் தூங்கியதில்லை. அவன் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே கிடப்பாள். ஆற்றிலிருந்து திரும்பிய அன்று, படுத்ததும் தூங்கிவிட்டாள். அவள் விட்ட குறட்டையில் தூக்கம் கெட்டது மூக்கையனுக்குத்தான்.

நோயிலிருந்து எழுந்த உடம்பை முடக்கிப் போட்டாலும் கெடும், முடுக்கி விரட்டினாலும் கெடும். அறிந்தவர் சொன்ன அளவில் அன்றாடம் நடப்பவனே நலம் பெறுவான்.