பத்துப் பேர் வேண்டிய சபை

கடம்பங்காட்டில் ஒரு ஓடை. ஓடையின் நடுவே ஒரு பாறை. பாறையின் மேல் ஒரு ஆமை. அதுதான் அந்தக் காட்டுச் சபையின் தலைவர்.

பாறைக்கு வலப்பக்கக் கரை ஆளுங்கட்சிக்கு. அங்கே பத்துக் காட்டுப்பன்றிகளும் ஒரு நரியும் உட்காரும். இடப்பக்கக் கரை எதிர்க்கட்சிக்கு. அங்கே மான்களும் முயல்களுமாக ஒன்பது பேர். சபை கூடும் நேரத்தில் மரங்கொத்தி பட்டமரத்தைத் தட்டும். அதுதான் மணி.

சபைக்கு விதிகள் நிறைய உண்டு. அவற்றில் இரண்டைக் காட்டில் எல்லோரும் அறிவார்கள். பத்துப் பேராவது இருந்தால்தான் சபை நடக்கும். எந்தத் தீர்மானத்தையும் மூன்று முறை வாசித்த பிறகுதான் ஓட்டுக்கு விட வேண்டும்.

இந்தச் சபை வந்ததற்குக் காரணமே ஒரு யானைதான். முன்பெல்லாம் அது நினைத்த இடத்தில் மரத்தைச் சாய்க்கும், பாறையை உருட்டும். ஒருநாள் அது உருட்டிய பாறையில் ஒரு முயல் குடும்பமே வளையோடு புதைந்து போயிற்று. மனம் நொந்த யானை, "இனிச் சபை சொல்லாமல் ஒரு கல்லைக்கூட அசைக்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தது. அன்று முதல் அது சபைக் காவலர்.

அந்தக் கோடையில் செந்நாய்கள் வந்தன.

மலையில் ஒரே ஒரு இடுக்கு உண்டு. அதன் வழியாகத்தான் அவை வந்தன. முதலில் ஒரு முயல் போயிற்று. பிறகு மருதி என்ற புள்ளிமானின் மூத்த குட்டி. எதிர்க்கட்சித் தலைவி அவள்தான். இன்னும் ஒரு குட்டி அவளிடம் இருந்தது. கால் ஊன்றி நடக்கவே இப்போதுதான் பழகியிருந்தது.

இடுக்குக்கு மேலே ஒரு பெரிய பாறை நின்றது. யானை ஒரு தள்ளுத் தள்ளினால் வழி அடைந்துவிடும். மருதி அதைத்தான் தீர்மானமாகக் கொண்டுவந்தாள்.

வலக்கரையில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. இடுக்குக்கு அந்தப் பக்கம் நல்ல கிழங்குக்காடு. வழி அடைந்தால் பன்றிகளுக்குக் கிழங்கு இல்லை. இருந்தாலும் ஒரு தாய்ப்பன்றி சொன்னது: "பாவம், குட்டிக்காரி. ஓட்டுப் போட்டுடலாம்யா."

நரிக்கு வக்கணை என்று பெயர். ஆளுங்கட்சிக் கொறடா அதுதான். யார் எப்போது எழ வேண்டும், எப்போது கை தூக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் வாயில்தான் இருந்தது. செந்நாய்கள் தின்றுபோட்ட மிச்சத்தில் அதன் வயிறு நிறைகிறது என்பது மட்டும் பன்றிகளுக்குத் தெரியாது.

"ஓட்டுப் போட்டா கிழங்கு போச்சு. எதிர்த்துப் போட்டா பழி நம்ம தலையில" என்றது வக்கணை. "சபையே நடக்கலேன்னா? யார் மேலயும் பழி இல்ல. நான் எழுந்ததும் எல்லாரும் எழுந்துருங்க."

பன்றித் தலைவர் கோரையனுக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று. செந்நாய் பன்றியைத் தொடாது என்பது அவருடைய நம்பிக்கை.

ஆமை முதல் வாசிப்பைத் தொடங்கியது. வக்கணை எழுந்தது. பன்றிகள் எழுந்தன. தாய்ப்பன்றி ஒரு நொடி தயங்கிவிட்டு, அதுவும் எழுந்து போயிற்று.

ஆமை இரு கரையையும் பார்த்தது. "ஒன்பது பேர். சபை ஒத்திவைக்கப்படுகிறது."

"தலைவர் அவர்களே, என் குட்டி உயிரோடு இருக்கும்போதே இதற்கு ஒரு முடிவு வேண்டும்" என்றாள் மருதி.

"உறுப்பினரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. விதி என் கையைக் கட்டியிருக்கிறது" என்றது ஆமை. அதற்கு உண்மையிலேயே வருத்தந்தான். ஆனால் அந்த வருத்தத்தை வைத்துக்கொண்டு மருதி என்ன செய்வாள்?

அடுத்த முறையும் மருதி அதே தீர்மானத்தைக் கொண்டுவந்தாள். வலக்கரை மறுபடி எழுந்து போயிற்று. அதற்கடுத்த முறையும் அப்படியே. ஒவ்வொரு முறையும் இடக்கரையில் ஆள் குறைந்திருந்தது. ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை. காலியான இடத்துக்குத் தேர்தல் மழைக்குப் பிறகுதான் என்று ஆமை அறிவித்தது.

ஒருநாள் மருதி தனியாக வந்தாள். குட்டி கூட வரவில்லை. அன்று அவள் தீர்மானம் எதுவும் கொண்டுவரவில்லை. இடக்கரையில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

மான் தீர்ந்தது. முயலும் தீர்ந்தது. செந்நாய்களுக்குப் பசி தீரவில்லை.

அவை தாய்ப்பன்றியின் குட்டிகளைத் தூக்கின. காப்பாற்றப் போன இரண்டு பெரிய பன்றிகளையும் கூட்டமாக வளைத்துக் கிழித்துப் போட்டன. இரண்டும் சபை உறுப்பினர்கள். கோரையன் அன்றே சபையைக் கூட்டச் சொன்னார். மரங்கொத்தி விடாமல் தட்டியது.

வலக்கரையில் எட்டுப் பன்றிகள், ஒரு நரி. கோரையன் எண்ணிப் பார்த்தார். ஒரு ஆள் குறைகிறது.

அவர் ஓடையில் இறங்கி இடக்கரைப் பக்கம் போனார். மருதி ஒரு புதரடியில் படுத்திருந்தாள்.

"அம்மா, நீ வந்தா பத்தாயிடும். எங்க புள்ளைங்க மிச்சத்தையாவது காப்பாத்தணும்."

"எம் புள்ளைக்காகக் கூப்பிட்டப்ப நீங்க எழுந்து போனீங்க."

கோரையன் தலையைக் குனிந்துகொண்டார். "போனோம். தப்புத்தான்."

தாய்ப்பன்றி பின்னாலேயே வந்து நின்றது. மருதி அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து, தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தாள். எதிர்க்கட்சித் தலைவியின் இடம் அது.

"பத்துப் பேர். சபை கூடியது" என்றது ஆமை.

யானை இடுக்குக்கு மேலே இருந்த பாறையில் நெற்றியை வைத்துத் தயாராக நின்றது. இடுக்குக்கு அப்பால் ஊளைச் சத்தம் கேட்டது.

ஆமை மருதியின் பழைய தீர்மானத்தை எடுத்து முதல் வாசிப்பை முடித்தது. அதன் வழக்கப்படி நிறுத்தி, நிதானமாக, ஒரு சொல்லும் விடாமல் வாசித்தது. இரண்டாம் வாசிப்பும் முடிந்தது.

வக்கணை ஓரக்கண்ணால் இடக்கரையைப் பார்த்தது. இந்த மான் வரும் என்று அது நினைக்கவே இல்லை. வழி அடைந்தால் நாளை முதல் மிச்சம் ஏது? அன்று காலையில் தின்ற பன்றிக் கறியின் ருசி இன்னும் அதன் நாக்கில் இருந்தது.

"தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று பக்கத்துப் பன்றியிடம் முணுமுணுத்துவிட்டு நரி நாணலுக்குள் நழுவியது.

மூன்றாம் வாசிப்பு பாதியில் இருந்தது. எண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் ஆமையால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. வாழ்நாள் முழுதும் எண்ணிப் பழகிய கண் அது.

வாசிப்பு நின்றது.

"ஒன்பது பேர்" என்றது ஆமை.

"வக்கணை எங்கே? கொறடா எங்கே?" என்று கோரையன் கத்தினார். அவர் வைத்த கொறடாதான்.

"சபை ஒத்திவைக்கப்படுகிறது."

"யானையாரே, தள்ளுங்க! உங்க கால்ல விழறேன்!" என்று கோரையன் மேலே பார்த்துக் கதறினார்.

யானையின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "தீர்மானம் நிறைவேறிச்சா?" என்று அது கேட்டது. யானையின் நெற்றி பாறைமேல் இருந்தது. ஆனால் அது தள்ளவில்லை.

செந்நாய்கள் இடுக்கு வழியே வந்தன. பன்றிகள் நாலாப் பக்கமும் சிதறி ஓடின. தாய்ப்பன்றி வெகுதூரம் ஓடவில்லை. மருதி எழவே இல்லை. தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு காட்டில் வேட்டைக்கு எதுவும் இல்லை. வக்கணை வழக்கம்போல மிச்சம் பொறுக்கப் போயிற்று. வெறும் எலும்புகள் கிடந்தன.

"இன்னைக்கு ஒண்ணும் இல்லியா?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு கேட்டது.

"நாங்களும் அதைத்தான் பேசிட்டிருந்தோம்" என்றது மூத்த செந்நாய். சொல்லிவிட்டு நரியையே பார்த்தது. மற்ற நாய்களும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன.

மரங்கொத்தி இன்றும் காலையில் பட்டமரத்தைத் தட்டுகிறது. ஆமை ஓட்டிலிருந்து தலையை நீட்டி வலக்கரையைப் பார்க்கிறது, இடக்கரையைப் பார்க்கிறது, எண்ணுகிறது, சபையை ஒத்திவைக்கிறது. மேலே யானை பாறையருகே உத்தரவுக்குக் காத்து நிற்கிறது.

அடுத்தவர் உயிரைப் பற்றிப் பேசும்போது சபையை விட்டு எழுந்து போகிறவர்களுக்கு, தங்கள் உயிரைப் பற்றிப் பேச ஒரு சபை மிஞ்சாது.