பனி கேட்ட மீதிக் கதை

மேல்மலையில் முந்தல்காடு என்றொரு ஊர் இருந்தது. ஒரு மார்கழியில் பனி அந்த ஊருக்குத் தன்னைப் பற்றிய கதையைக் கேட்க வந்தது.

பனிக்கு அந்த ஆசையை மூட்டிவிட்டது காற்றுதான். காற்று எல்லா மாதமும் எல்லா ஊரும் சுற்றுகிற ஆள், வாய் சும்மா இருக்காது. சித்திரையில் முந்தல்காட்டு டீக்கடைக்குப் போய்ப் பார், முப்பது வருஷத்துக்கு முன்னால் நீ விழுந்த கதையைத்தான் இன்னமும் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. சித்திரையில் பனி எங்கே போக? அதனால் மார்கழி பிறந்ததும், வேலைக்கு இறங்குவதற்குச் சில நாள் முன்பாகவே வந்து, இருளப்பனின் டீக்கடைக் கூரை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டது.

ஒருவரும் பேசவில்லை. உருளைக்கிழங்கு விலையைப் பேசினார்கள், வராத பேருந்தைப் பேசினார்கள், யார் வீட்டுக் கல்யாணத்திலோ சாம்பாரில் உப்பு இல்லாமல் போனதைக்கூடப் பேசினார்கள். பனி என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வரவில்லை. அந்த ஊர்ப் பழக்கம் அப்படி. கார்த்திகை முடிந்ததிலிருந்து மாசி போகிறவரை அதன் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் கூப்பிட்டதாகிவிடும், கூப்பிட்டால் வந்துவிடும். அது ஏற்கெனவே வந்து தலைக்கு மேலே உட்கார்ந்திருப்பது பாவம் அவர்களுக்குத் தெரியாது.

கடைக்குள் எட்டிப் பார்த்தது பனி. மூலையில், கிழங்குச் சாக்குகளின் மேல், கதை படுத்திருந்தது. குளிர்காலத்தில் அதற்கு வேலை இல்லை. வருஷா வருஷம் தின்ற தீனியில் மினுமினுவென்று கொழுத்திருந்தது.

"நீதான் என் கதையா?" என்று பனி கேட்டது.

"நானேதான். மெதுவாகப் பேசு, என்னை இப்போது வெளியே விடமாட்டார்கள்."

"எனக்கு மட்டும் சொல்லேன்."

கதைக்குச் சொல்லக் கசக்குமா? எழுந்து உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டது. முழங்கால் உயரத்துக்குப் பனி விழுந்ததாம். பன்னிரண்டு மாடுகள் நின்றபடியே செத்தனவாம். பறந்துகொண்டிருந்த காக்கை விறைத்துக் கல்லாக விழுந்ததாம். ஊர் மணியகாரர் ஒரு தும்மல் தும்மினாராம், மீசை ஒடிந்து கையோடு வந்துவிட்டதாம்.

"மீசையா?"

"மீசைதான். முதலில் ஒரு பக்கம்தான் ஒடிந்துகொண்டிருந்தது. போன சித்திரையிலிருந்து இரண்டு பக்கமும்."

பனிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் தான் அன்றைக்கு விழுந்தது ஒரு விரல் கனம்கூட இராது என்பதும் அதற்கு நினைவிருந்தது. "ஊரில் உள்ள கிழங்குச் செடியெல்லாம் கருகிவிட்டது என்கிறாய். அப்படியானால் மறு வருஷம் விதைக்கு என்ன செய்தார்கள்?" என்று கேட்டது.

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. கதை தன் உடம்பைத் தடவிப் பார்த்தது. பின்பக்கம் ஒரு துண்டு காணவில்லை.

"இங்கே ஒன்று இருந்தது. அந்த இடம் வந்தால் கேட்கிறவர்கள் கொட்டாவி விடுவார்கள். சொல்கிறவனும் அவசரமாகத் தாண்டிப் போவான். எந்த வருஷம் விழுந்தது என்றே தெரியவில்லை" என்றது கதை.

இரண்டும் தேடக் கிளம்பின. ஊர்க்கோடியில் கம்பத்தில் தொங்கிய வெப்பமானியைக் கேட்டன. மைனஸ் மூன்று என்றது அது. வேறு ஏதாவது தெரியுமா என்றால் அதற்கும் மைனஸ் மூன்று என்றது. கொடியில் காய்ந்த பழைய கம்பளியைக் கேட்டன. எனக்குள் இருந்தவர்களின் பல் கிடுகிடுத்த சத்தம்தான் தெரியும், வயலை நான் பார்த்ததில்லை என்று அது கையை விரித்துவிட்டது. கடைசியில் வாய்க்காலிடம் போயின.

"எனக்குத் தெரியும்" என்றது வாய்க்கால். "ஆனால் நான் சொன்னால் ஒருவனுக்கு மானக்கேடு. செவனாண்டி அவன் வாயாலேயே சொல்லட்டும்."

செவனாண்டிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. சித்திரையில் டீக்கடையில் கதையைச் சொல்கிறவன் அவன்தான். மணியகாரர் மீசையும் அவன் ஒடித்ததுதான்.

கதைக்கு ஏனோ மனசு கேட்கவில்லை. "நீ இந்த வருஷம் இறங்காமல் இருக்க முடியாதா?" என்று பனியைக் கேட்டது.

"வானம் தெளிந்து காற்று அடங்கினால் நான் இறங்கியாக வேண்டும். எனக்கு யார் மேலும் பகை கிடையாது, தயவும் கிடையாது. நாளைக்கு அடங்கிவிடும் போலிருக்கிறது" என்றது பனி.

அந்த ஊரில் குருவம்மா என்று ஒருத்தி இருந்தாள். பிறந்து வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் கீழே வத்தலக்குண்டுப் பக்கம். கணவன் இறந்த பிறகு, அவன் பங்காக மேல்மலையில் கிடந்த அரை ஏக்கரை நம்பிப் போன வருஷம்தான் ஏறி வந்திருந்தாள். முதல் வெள்ளாமை மழையில் அழுகிப்போனது. இப்போது நிற்பது இரண்டாவது, நாற்பத்தைந்து நாள் கிழங்குச் செடி. இதுவும் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அண்ணி ஒரு சொல் சொல்லமாட்டாள், ஆனால் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தாலே குருவம்மாவுக்குச் சோறு இறங்காது.

மறுநாள் மத்தியானம் அவள் டீக்கடைக்கு வந்தாள். அங்கே பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஊர்ப் பழக்கம் அறியாதவள், செவனாண்டியைப் பார்த்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"அண்ணே, பனி விழுந்தா செடிய எப்படிக் காப்பாத்துறது?"

இருளப்பன் ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதியில் நின்றது. ஒருவர் வாயைக் கழுவும்மா என்றார். செவனாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, சித்திரையில் வந்து கேள், விடிய விடியச் சொல்கிறேன் என்றான்.

"சித்திரையில கேட்டு நான் என்ன செய்ய? செடி இப்பல்ல நிக்குது."

அதற்கு மேல் கதையால் சாக்கின் மேல் இருக்க முடியவில்லை. ஒரே தாவாகத் தாவி செவனாண்டியின் தொண்டையில் ஏறிக்கொண்டது. அவன் இருமினான். பிறகு தன்னையறியாமல், "அந்த வருசம் முழங்கால் ஒசரத்துக்கு..." என்று ஆரம்பித்துவிட்டான். முதலில் எல்லாரும் பதறினார்கள். மாடு செத்த இடத்தில் உச்சுக்கொட்டினார்கள். மீசை ஒடிந்தபோது பயமெல்லாம் போய்ச் சிரித்தார்கள். குருவம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"எல்லாம் கருகிருச்சுன்னா, மறு வருசம் விதைக்கு எங்கண்ணே போனீங்க?"

செவனாண்டி டீக் கிளாஸைக் கீழே வைத்தான். கூரை ஓரத்தில் பனி மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு வயலு மட்டும் கருகல," என்றான் மெதுவாக. "எங்க வயலு. சாயங்காலம் மடையை அடைச்சிட்டு வாடான்னு அப்பா சொல்லிவிட்டாரு. நான் பக்கத்தூருக் கூத்துக்கு ஓடிட்டேன். தண்ணி ராவெல்லாம் ஓடி, வயலு சொதசொதன்னு நின்னுச்சு. காலையில வெளக்கமாத்தாலயே அடிச்சாரு. அடிச்சு முடிச்சிட்டுப் பாத்தா, ஊரே கருகிக் கெடக்கு, எங்க செடி பச்சையா நிக்குது. ஈர மண்ணு சூட்டைப் பிடிச்சு வச்சிருந்துச்சு போல. ஊருக்கே விதை அங்கருந்துதான் போச்சு."

அட, இது எங்களுக்குத் தெரியாதே என்றார்கள். கூத்துக்கு ஓடினவனை விளக்கமாற்றால் அடித்த இடத்தை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்கள். கதை தன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தது. துண்டு வந்து ஒட்டியிருந்தது.

குருவம்மா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். இந்தக் குளிரில் தண்ணீர் கட்ட யாருக்கும் மனசு வராது, முறை கேட்க ஆளில்லாமல் வாய்க்கால் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதற்குள் மண்வெட்டியால் மடையை வெட்டித் தன் வயலுக்குத் திருப்பிவிட்டாள். கால் மரத்துப்போகும்வரை ஒவ்வொரு பாத்தியாகப் பாய்ச்சினாள்.

பனி தன் வேலையைச் செய்தது. விடிந்தபோது முந்தல்காடு முழுக்கச் சுண்ணாம்பு பூசினது மாதிரி வெள்ளையாக இருந்தது. வெயில் ஏறியதும் செடிகள் வெந்நீர் ஊற்றியதுபோலக் கருத்துத் தொங்கின. குருவம்மா வயலில் மட்டும் பனிக்குக் கால் ஊன்ற முடியவில்லை. ஈர மண்ணிலிருந்து மெல்லிய சூடு வந்துகொண்டேயிருந்தது. ஓரத்தில் இரண்டு வரிசை கருகியது, மற்றதெல்லாம் பச்சையாக நின்றது. அவள் வரப்பில் உட்கார்ந்து சத்தமாகவே அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாள் செவனாண்டி அவள் வயலுக்கு வந்தான். கிழங்கு எடுக்கும்போது தனக்கு விதைக்கு ஒரு மூட்டை ஒதுக்க வேண்டும் என்று கேட்டான். அவன் வயலில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை. தருகிறேன் என்று அவள் உடனே ஒப்புக்கொண்டாள். ஆனாலும் அவளுக்கு ஒன்று விளங்கவேயில்லை.

"அன்னைக்கு அத்தனை பேருக்கும் சொன்னது நீங்கதானேண்ணே. உங்க வயலுக்கு ஏன் தண்ணி விடல?"

செவனாண்டி கருகிக் கிடந்த தன் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"நான் சொல்லிக்கிட்டுல்ல இருந்தேன், தங்கச்சி," என்றான். "கேக்கலையே."