இரண்டு தலைக் காசும் ஒரு மயிலைப் பசுவும்

தலை உண்டு, தலைவலி கிடையாது. பூ உண்டு, வாசம் கிடையாது. கால் இல்லாமல் ஊரெல்லாம் சுற்றும். அது என்ன?

காசு என்று சொல்லிவிட்டீர்களா? ஓட்டைக்குடம் ஊரின் காசு சேகரிப்போர் சங்கத்தில் இதற்கு மூன்று நாள் விவாதம் நடந்தது. கடைசியில் 'காற்று' என்று தீர்மானம் போட்டார்கள்.

சங்கத்தில் மூன்றே பேர். தலைவர் ஆவுடையப்பன், செயலாளர் திருமேனி, அப்புறம் வெள்ளைச்சாமி. தப்பாக அச்சடித்த காசுக்குத்தான் விலை அதிகம் என்று கேள்விப்பட்டதிலிருந்து வெள்ளைச்சாமிக்கு வேறு நினைப்பே இல்லை. ஒருநாள் வெளியூர் வியாபாரி ஒருவன், இரண்டு பக்கமும் தலை உள்ள ஒரு ரூபாயைக் காட்டினான். வீட்டில் பாலுக்கென்று இருந்த ஒரே பசுவான சாம்பல் நிற மயிலையைக் கொடுத்து அதை வாங்கிவிட்டான் வெள்ளைச்சாமி.

"அசல்தானாடா?" என்றார் ஆவுடையப்பன்.

"பத்துத் தடவை சுண்டினேன் அண்ணாச்சி. பத்துத் தடவையும் தலை! போலியாக இருந்தால் ஒரு தடவையாவது பூ விழாதா?"

"பொழுது சாய்வதற்குள் போலி என்று சங்கம் சொன்னால், பசுவைத் திருப்பித் தருகிறேன்" என்று வியாபாரி சங்கத்து வாசலிலேயே பசுவோடு நின்றான். சங்கத்தைப் பற்றி அவன் நன்றாக விசாரித்திருந்தான்.

திருமேனி சோதனை விதிகள் அச்சிட்ட தாளை எடுத்தான். "முதல் விதி: எடை பார்."

பக்கத்து நெல் மண்டித் தராசில் காசை வைத்தார்கள். முள் அசையவில்லை. வெள்ளைச்சாமி வாசலில் நின்ற பசுவைத் திரும்பிப் பார்த்தான்.

"தனியாக நிற்கக் கூச்சப்படுகிறது" என்று தலைவர் பக்கத்தில் ஒரு நெல் மூட்டையை ஏற்றினார். முள் எழுபத்தாறு கிலோ காட்டியது. "இவ்வளவு கனமான ஒரு ரூபாய் நாட்டிலேயே கிடையாது!"

வெள்ளைச்சாமிக்கு உயிர் வந்தது.

"இரண்டாவது: ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்." பார்த்தார்கள். ஓரம் முழுக்க ஒரு கோடு. கோட்டில் பசை பிதுங்கியிருந்தது.

"இரண்டு காசைத் தேய்த்து ஒட்டின மாதிரி இருக்கே?" என்றான் திருமேனி.

"கழன்று விழக்கூடாதென்று காசடிக்கும் ஆலையில் எவ்வளவு அக்கறையாக ஒட்டியிருக்கிறார்கள், பார்!" என்றார் தலைவர்.

"மூன்றாவது: நல்ல காசு ஒன்றோடு ஒப்பிடு." தலை மேலாக இரண்டையும் பலகையில் வைத்தார்கள். அச்சு அசல் ஒரே மாதிரி.

"நம்முடையது எது?" என்றார் தலைவர்.

"இடது பக்கம் இருக்கிறது" என்றான் திருமேனி.

"எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அது வலது பக்கமல்லவா?"

"திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடுமே," என்றான் வெள்ளைச்சாமி.

"பாவி! காசின் முகத்தில் கை படக்கூடாது என்று நாலாவது விதி இருக்கிறது!" என்று தாளைக் காட்டினான் திருமேனி.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தலைவர் வெள்ளைச்சாமியின் ஐந்து வயது மகள் வள்ளிக்கண்ணுவைக் கூப்பிட்டார். "குழந்தை எடுப்பதுதான் அபூர்வக் காசு. தாயி, உனக்கு எது வேண்டும்?"

குழந்தை காசுகளைப் பார்த்தது. வாசலுக்குப் போய்ப் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

தலைவர் பூதக்கண்ணாடியோடு போய்ப் பசுவைச் சுற்றிவந்தார். "ஒரு பக்கம் தலை, மறுபக்கம் வால். ஒரு பிழையும் இல்லை. எழுதிக்கொள் திருமேனி, பசு நிராகரிக்கப்பட்டது. தாயி, இன்னொரு தடவை நன்றாக யோசித்துச் சொல்."

இரண்டாம் தடவையும் குழந்தை பசுவையே தேர்ந்தெடுத்தது.