மாற்றுச் சாவி

சென்னியப்பனுக்கு எழுபத்து நான்கு வயது. மின்சாரத் திருட்டைக் கண்டுபிடிக்கிற வேலையில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். அவருடைய சந்தேகம் இன்னும் பணியில்தான் இருந்தது. பால்காரர் ஒருநாள் கூடுதலாகச் சிரித்துவிட்டால், அன்றைக்குப் பாலை இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பார்.

அவருடைய குரு அவரைவிட எட்டு வயது இளையவர். கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடத்தில் தனியாக இருந்தவர். போன தை மாதம் மடத்தைப் பூட்டிவிட்டு, பக்கத்தில் புதிதாகக் கட்டியிருந்த முதியோர் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குக் குடிபோய்விட்டார். சேதி கேட்டதிலிருந்து சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சாமியையே வளைத்துப் போட்டுவிட்டார்களே, இனி மற்றவர்கள் எம்மாத்திரம் என்று தோன்றியது.

அதே குடியிருப்பில்தான் அவருடைய மகளும் அப்பா அம்மாவுக்கு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தாள். வருவதா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். மனைவி துளசிமணிக்குப் போக ஆசை. பங்குனியில் ஒருநாள் தலை சுற்றிக் குளியலறையில் விழுந்தவள், இவர் மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தாள். அதற்குப் பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

புதன்கிழமை விடிந்ததும் விடியாததுமாகச் சென்னியப்பன் கிளம்பினார். வாசல் கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தார்.

குடியிருப்பு வாசலில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்று, "வாங்க, காப்பி குடிச்சீங்களா?" என்றார். முன்பின் தெரியாதவனுக்கு இவர் எதற்குக் காப்பி கொடுக்க வேண்டும்? சென்னியப்பன் பதில் சொல்லாமல் நடையைக் கட்டினார்.

குருவின் வீட்டுக் கதவில் ஓர் ஆணியில் சின்ன மரப்பலகை தொங்கியது. சிவப்புப் பக்கம் வெளியே தெரிந்தது.

"வாங்ணா," என்று கதவைத் திறந்தார் குரு. வயதில் மூத்த சீடனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"சாமி, ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. இங்க வந்து உங்களுக்கு என்ன பயன்? மலை தெரியுது, வேளைக்குச் சோறு வருது, அதெல்லாம் நோட்டீசுலயே போட்டிருக்கான். நான் அதக் கேக்கல."

குருவின் கை பலகையைத் திருப்பப் போனது. பாதியில் நின்றது. அப்படியே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு.

"உக்காருங்க. கொஞ்ச நேரம் பேச வேண்டாம்."

இருவரும் உட்கார்ந்தார்கள். சுவர்க் கடிகாரம் ஏழு அடித்தது.

ஏழு தாண்டி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"சாமி! சாமி!"

குரு வாயில் விரலை வைத்தார். வெளியே இன்னொரு குரலும் ஊன்றுகோல் சத்தமும் சேர்ந்துகொண்டன. பூட்டில் சாவி நுழைந்தது. கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் பக்கத்து வீட்டு மரகதம், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கையெல்லாம் தோசை மாவு. அவருக்குப் பின்னால் எதிர்வீட்டு தேவசகாயம் மூச்சு வாங்க நின்றார்.

"ஏஞ்சாமி, பலகையத் திருப்பறதுக்கு உங்களுக்கு என்ன கேடு? எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு!"

"மன்னிச்சுக்கங்க. பேச்சுல விட்டுட்டேன்."

அந்த அம்மா இருவரையும் நன்றாக முறைத்துவிட்டு, தேவசகாயத்தோடு போனார். போகும்போது பலகையைப் பச்சைப் பக்கம் திருப்பித் தொங்கவிட்டார்.

சென்னியப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சாமி, இது நடிப்புங்க. சொல்லி வெச்ச மாதிரி வராங்க."

"சொல்லித்தான் வெச்சிருக்கு. ஏழு மணிக்குப் பச்சை தெரியலைன்னா பக்கத்து வீட்டுல இருந்து வரோணும்."

"எதுக்கு வரோணும்? வந்தா யாராவது ஏதாவது குடுக்கறாங்களா?"

"இல்லீங்ணா. அவங்க பலகைய நான் பாக்கறேன்."

"சரி, சாவி அவங்க கைக்கு எப்படிப் போச்சு?"

"நாந்தான் குடுத்தேன். ஒவ்வொரு வீட்டு மாற்றுச் சாவியும் பக்கத்து வீட்டுல இருக்கும். இங்க அதுதான் வழக்கம்."

சென்னியப்பன் தொடையில் தட்டிக்கொண்டார். இத்தனை நாள் தேடிய ஓட்டை அகப்பட்டுவிட்டது.

"அதானே பாத்தேன்! ஊரான் கையில சாவியக் குடுத்துட்டுத் தூக்கம் வருமுங்களா சாமி?"

"குடுத்ததுக்கு அப்புறந்தான் வருது."

"எனக்கு வராதுங்க." சென்னியப்பன் பையிலிருந்து ஒரு கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். "பாருங்க. எங்க வீட்டுக்கு மூணு சாவி. மூணும் எங்கிட்டத்தான்."

குரு கொத்தைப் பார்த்தார்.

"அக்கா எங்க?"

"வீட்டுல."

"எந்திரிச்சிருப்பாங்களா?"

"எந்திரிச்சிருப்பா. வெளியில பூட்டிட்டுத்தான் வந்திருக்கேன், பயமில்லீங்க. வீட்டுல யாரும் இல்லைன்னு திருடன் நெனச்சுக்குவான். வயசானவங்க இருக்கற வீடுன்னா நோட்டம் பாக்கற காலமுங்க இது."

"போன் இருக்குதுங்களா அவங்ககிட்ட?"

"எவனாவது கூப்பிட்டுப் பேசி ஏமாத்திருவானுங்க. அதையும் நாந்தான் வெச்சிருக்கேன்." பையிலிருந்து இரண்டு செல்போன்களையும் எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அக்கம்பக்கத்துல யாரோட நம்பராவது?"

"அங்க நான் யாரையும் அண்ட விடறதில்லீங்க."



"பங்குனியில அக்கா விழுந்தாங்களே, அன்னைக்கு?"

"அன்னைக்கும் பூட்டித்தானுங்க போயிருந்தேன். அவ போட்ட சத்தம் நாலு வீட்டுக்குக் கேட்டுச்சாம். எல்லாரும் வாசல்ல வந்து நின்னிருக்காங்க. ஆனா ஒருத்தரும் உள்ள வர..."

சென்னியப்பன் நிறுத்தினார். மேசைமேல் இருந்த மூன்று சாவிகளையும் இரண்டு போன்களையும் பார்த்தார். அவருக்கு இவ்வளவு பயம் இதற்கு முன் வந்ததில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"சாமி, திரும்பிப் போக பஸ் எப்பங்க?"

"ஒன்பதரைக்கு."

கடிகாரத்தில் ஏழே கால்.

சாவிக் கொத்தை அவசரமாக எடுத்தார். கொத்து தரையில் விழுந்தது. குரு குனிந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"மரகதத்துகிட்ட கார் இருக்குதுங்ணா. போய்க் கதவத் தட்டுங்க."