கூப்பிடு தூரம்

"ஏனுங்க அம்மிணி, இந்த மலையில ஒருத்தர் வாயிலும் நெசமே வராதுங்களா?"

பின்தங்கி வந்துசேர்ந்த நாச்சிமுத்து சைக்கிளைப் புல்லில் சாய்த்தார். தானும் அதன் பக்கத்திலேயே சாய்ந்தார்.

ருக்மணி மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"காலையில ஒரு விறகுக்காரம்மா வந்துச்சு. தும்பைமேடு எத்தன தூரம்னு கேட்டேன். ஒரு கூப்பிடு தூரந்தான் சாமின்னுச்சு. மிதிச்சேன், மிதிச்சேன், வெயில் உச்சிக்கே வந்துருச்சு. அங்க ஒருத்தன் ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்தான். அவனும் கூப்பிடு தூரங்கறான். இப்பப் பொழுது சாயற நேரத்துல தேன் எடுக்கறவரு ஒருத்தரு. அவருகிட்டயும் அதே கூப்பிடு தூரம். எல்லாரும் கூடிப் பேசி வெச்சுக்கிட்ட மாதிரி."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

"மிதிச்சேன்."

"அது கால் பண்ணுனது. கூப்பிடு தூரம்னு சொன்னாங்களே, கூப்பிட்டீங்களா?"

நாச்சிமுத்து சிரித்தார். "அது பேச்சுக்குச் சொல்றதுங்க அம்மிணி."

அவள் மறுபடி ஊதினாள். அடுப்பு பற்றிக்கொண்டது.

ருக்மணிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. சைக்கிளின் பின்னால் கூடாரத்தைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றுகிறவள். போகிற வழியில் யாராவது பின்னால் ஒட்டிக்கொள்வார்கள். கொஞ்ச நாள் கூடவே வருவார்கள். பிறகு போதும் என்று தோன்றி இறங்கிப் போய்விடுவார்கள். என்ன சொல்லிக் கொடுத்தாள் என்று கேட்டால், அடுப்பு ஊதினாள் என்பார்கள். ஆனாலும் அவள் பேச்சு வந்தால் வாத்தியாரம்மா என்றுதான் சொல்வார்கள்.

நாச்சிமுத்து கீழ்நாட்டில் தறிப்பட்டறை வைத்திருந்தவர். ருக்மணிக்குப் பெரியப்பா வயது. அவளும் அப்படித்தான் அவரை அழைப்பாள். அடிவாரத்து டீக்கடையில் அவளைப் பார்த்ததும், பட்டறைப் பையனிடமிருந்து வாங்கிவந்த சைக்கிளோடு எதிரே போய் நின்றார்.

"என் தம்பி தும்பைமேட்டுல இருக்கானுங்க. அவனப் பாக்கப் போகோணும். உங்ககூட வரட்டுங்களா?"

"ஜீப்பு போகுதே பெரியப்பா."

"ஜீப்புல போனா சீக்கிரம் போயிச் சேந்துருவனுங்க."

ருக்மணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய பின்சக்கரத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"காத்து கம்மியா இருக்குது. அடிச்சுட்டு வாங்க."

அப்படிப் புறப்பட்டவர்கள்தான். ஏறினார்கள், ஏறினார்கள், ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வளைவில் மூங்கில் தலைக்குமேல் கைகோத்து நின்றது. இன்னொரு வளைவில் மேகம் ஒன்று சாலையைக் குறுக்கே கடந்தது, மாடு கடக்கிற மாதிரி, அவசரமில்லாமல். அது போகட்டும் என்று இரண்டு பேரும் காலூன்றிக் காத்திருந்தார்கள்.

வழியெல்லாம் நாச்சிமுத்துவுக்கு ஏதாவது ஒரு வேலை இருந்தது. பிரேக் உரசுகிறது என்பார். செயின் காய்ந்துவிட்டது என்பார். ஒன்றுமே இல்லாத இடத்தில், காட்சி நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்துவிடுவார்.

ருக்மணியும் உட்காருவாள்.

அன்றைக்குக் களி தின்று கை கழுவினபோது வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. நாச்சிமுத்து தானாகவே ஆரம்பித்தார்.

"மக கல்யாணத்துக்கு ஊரையே கூப்பிட்டனுங்க. தறிக்குப் பாவு பிணைக்க வர்றவங்களக் கூப்பிட்டேன். வரப்புச் சண்டைக்காரன் ஒருத்தன், அவனக்கூட வெத்தலபாக்கு வெச்சுக் கூப்பிட்டேன்."

ருக்மணி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பிய மட்டும் கூப்பிடலை."

"ஏன்?"

"கிணத்துத் தண்ணிப் பங்குல எனக்கும் அவனுக்கும் ஒரு பேச்சு வந்துருச்சு. கூடப் பொறந்தவனுக்கு எதுக்குப் பத்திரிகை, தானா வருவான்னு இருந்துட்டேன். கூப்பிடாத எடத்துக்கு எவன் வருவான்? பந்தி முடிஞ்சு எலை எடுக்கற வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்தேன். அப்பறம் அவன் காடு தோட்டத்த வித்துட்டு மலையேறிட்டான்."

"இப்பப் போயி என்ன சொல்லப்போறீங்க?"

"அதைத்தான் மிதிச்சுக்கிட்டே யோசிக்கறேன். அவன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னு வைங்க, அத்தோட சரி. இன்னொருக்கா வர்றதுக்கு எனக்குக் காலு இல்லீங்க."

"காலு நல்லாத்தான் இருக்குது," என்றாள் ருக்மணி. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

அன்று தூக்கத்தில் நாச்சிமுத்து மகளின் கல்யாண மண்டபத்துக்குள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். பந்திக்கு நடுவில் ஓட்டினார். எத்தனை மிதித்தும் வாசல் வரவில்லை.

விடிந்து கூடாரத்தை விலக்கினால் உலகத்தைக் காணோம்.

வெள்ளை. பள்ளத்தாக்கு முழுக்கப் பால் பொங்கி நின்ற மாதிரி மூடுபனி. சாலை கிடந்த இடம் தெரியவில்லை. பக்கத்து மரத்துக்கு அடிமரம் இல்லை, கிளை மட்டும் மிதந்தது.

அவருடைய சைக்கிள் தலைகீழாக நின்றது. முன்சக்கரம் ருக்மணியின் மடியில் இருந்தது.

"பஞ்சருங்களா?"

"இல்லை."

"பின்ன எதுக்குக் கழட்டுனீங்க?"

"இருந்தா நீங்க போயிக்கிட்டே இருப்பீங்க."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்துக்கும் போக இடமில்லை. புல்மேட்டின் விளிம்பில் போய் நின்றார்.

பனி மெல்லப் புரண்டு படுத்தது. எதிரே ஒரு மேடு, வெள்ளைக்குமேல் தீவு மாதிரி தலை நீட்டிற்று. நாலைந்து கூரை. ஒரு கூரையிலிருந்து புகை.

"அதுதானுங்களா?"

ருக்மணி மோவாயை அசைத்தாள். "ரோட்டுல போனா இன்னிக்கு முழுக்க மிதிக்கணும். கீழ எறங்கி, பள்ளத்தையே சுத்தி, திரும்ப ஏறணும்."

"குறுக்க?"

அவள் எதிரே கையைக் காட்டினாள். குறுக்கே காற்றுத்தான் இருந்தது.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

"குப்புசாமி."

மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கூப்பிடுகிற சத்தம். பனியின் ஓரத்திலேயே விழுந்துவிட்டது.

"அது பத்திரிகையில போடற பேரு," என்றாள் ருக்மணி. "வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

அவர் விளிம்புக்கு இன்னும் ஓரடி நெருங்கினார். பிறகு இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.

"குப்பூ…"

ஊ என்பது போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. பிறகு அதுவும் வெள்ளைக்குள் கரைந்தது.

ஒன்றுமில்லை.

"கேக்கலை," என்றார் நாச்சிமுத்து. "கேட்டிருந்தாலும் கேக்கலைன்னுதான் இருப்பான்."

அப்போது காலுக்குக் கீழே, பனிக்குள்ளிருந்து, முகம் தெரியாத ஒரு பெண்குரல் எழுந்தது.

"குப்பூ…"

அதற்கும் கீழே ஒரு ஆண்குரல் அதை வாங்கிக்கொண்டது.

"குப்பூ…"

நாச்சிமுத்து திடுக்கிட்டுத் திரும்பினார்.

"இந்த மலையில அப்படித்தான் பெரியப்பா. ஒரு பேரு காதுல விழுந்துச்சுன்னா அங்கயே விட்டுற மாட்டாங்க. அடுத்த மேட்டுக்கு அனுப்பிருவாங்க."

பேர் பள்ளத்தில் இறங்கியது, ஓடையைத் தாண்டியது, எதிர்ச்சரிவில் ஏறியது. யார் யாரோ கூப்பிட்டார்கள். ஆடு மேய்க்கிறவர்கள், தண்ணீர் சுமக்கிறவர்கள், யாரென்றே தெரியாதவர்கள். மலையே அவர் தம்பியைக் கூப்பிட்டது. கடைசியில் தும்பு மாதிரி மெலிந்து, அந்தக் கூரைகளுக்குப் பக்கத்தில் எங்கோ அது நின்றது.

நாச்சிமுத்து காதுக்குப் பின்னால் கையை வைத்தார்.

அப்புறம் ஏதோ ஒன்று அங்கிருந்து புறப்பட்டது. வாய் வாயாக ஏறி வந்தது. கடைசியில் அந்தப் பெண்குரல் அதைக் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்தது.

"யாரு கூப்பிடறதுன்னு கேக்கறாரு…"

"நாந்தான்னு சொல்லும்மா," என்றார் நாச்சிமுத்து. அது அவருக்கே கேட்கவில்லை. மறுபடி கையைக் குவித்தார். "அண்ணன்… அண்ணன் கூப்பிடறேன்னு சொல்லு…"

"அண்ணன் கூப்பிடறாராம்…"

"அண்ணன் கூப்பிடறாராம்…"

அது போயிற்று. பனிக்குள் வெயில் இறங்கத் தொடங்கியது. எதிர்மேட்டுப் புகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. ஒரு குருவி கத்தி ஓய்ந்தது. பதில் வரவே போவதில்லை என்று அவர் உட்காரப் போனார்.

கீழே அந்தப் பெண் சிரிப்பது முதலில் கேட்டது. பிறகு குரல்.

"வந்தா சோறு போடுவாங்களான்னு கேக்கறாரு…"

நாச்சிமுத்து திரும்பினார்.

ருக்மணி சக்கரத்தைப் புல்லில் வைத்துவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தாள்.